பத்து நாள் நோட்டீஸ்

1906-ம் ஆண்டின் கோடை. அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் நெஸ் சிட்டி என்ற சின்ன ஊருக்குப் பெண்கள் பேஸ்பால் அணி ஒன்று வந்து இறங்கியது. 'புளூமர் கேர்ள்ஸ்' என்று பெயர். ஊர் ஊராகச் சுற்றி, அந்தந்த ஊர் ஆண்களோடு ஆடி, நுழைவுக் காசில் பிழைத்த அணி. நெஸ் சிட்டியிடம் தோற்ற பிறகு அந்த அணியின் மேலாளர், எதிரணியில் ஆடிய பதினாறு வயதுப் பையனைத் தனியே அழைத்துப் பேசினார். சுற்றுப்பயணத்தில் இன்னும் மூன்று வாரம் பாக்கி இருக்கிறது, கூட வந்தால் இருபது டாலர் தருகிறேன் என்றார். பையன் விழித்தான். அணியில் ஏற்கெனவே சில ஆண்கள் பொய்முடி வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மீசை அரும்பாத முகம் என்பதால் அவனுக்குப் பொய்முடிகூடத் தேவைப்படவில்லை.

அந்தப் பையன் ஜோ வுட். இரண்டே வருடத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு வந்துவிட்டார். 1912-ல் அவர் எறிந்த ஆட்டங்களில் 34 வெற்றி, 5 தோல்வி. தொடர்ந்து 16 வெற்றிகள். அந்த ஆண்டின் உலகத் தொடரில் இன்னும் மூன்று. 'ஸ்மோக்கி ஜோ' என்று ஊரே கூப்பிட்டது. வயது 22.

அடுத்த ஆண்டு ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தார். எறியும் கையின் கட்டைவிரல் முறிந்தது. விரல் கூடியது, ஆனால் அதன்பின் எறிந்த ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நாள்கணக்கில் கையைத் தூக்க முடியவில்லை. 1915-ல் அந்த வலியோடு ஆடியே அமெரிக்கன் லீகில் விட்டுக்கொடுத்த ரன்களின் மிகக் குறைந்த சராசரி அவருடையது. 1916-ல் ஆடவே இல்லை. உலகின் மிக வேகமான கைகளில் ஒன்று, இருபத்தாறு வயதில் வேலைக்கு ஆகாமல் போனது.

தற்செயலாக வந்து, கைவலியோடு போவது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது, முப்பது ஆண்டுகளில் தொழில்முறை பேஸ்பால் ஆடியவர்களில் எத்தனையோ பேருக்கு இதுதான் வாழ்க்கை. வருவதற்கும் போவதற்கும் நடுவே அவர்களைக் கட்டிவைத்திருந்தது ஒரு காகிதம். அதைப் பற்றிப் பேசாமல் இவர்கள் கதையைச் சொல்ல முடியாது. அதற்கு முன், இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

சுரங்கம், ஆலை, தொலைபேசிக் கம்பம்

பன்னிரண்டு வயதில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர் ஹோனஸ் வாக்னர். சிகாகோவின் பெரிய பிட்சர் (பந்தை எறிபவர்) எட் வால்ஷும் அதே மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளிதான். நெப்ராஸ்கா மாநிலத்தின் வாஹூ என்ற ஊரில் முடிதிருத்தும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தவர் சாம் கிராஃபோர்ட். ஊர்ப் பையன்களோடு மர வண்டியில் ஏறி, போகிற ஊரில் எல்லாம் ஆடி, கூட்டத்தில் தொப்பியை நீட்டி வசூலித்த காசில் சாப்பிட்டு வளர்ந்தார். ஒரே ஓட்டத்தில் மூன்றாவது பேஸ் வரை ஓடிச் சேரும் அடிக்கு 'டிரிபிள்' என்று பெயர். கிராஃபோர்ட் அடித்த 309 டிரிபிள்களை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

மொர்டெகாய் பிரவுனின் கதை தனி. இண்டியானாவின் நைஸ்வில் கிராமத்தில், சிறுவயதில் மாட்டுத்தீவனம் வெட்டும் இயந்திரத்துக்குள் அவருடைய வலது கை போய்விட்டது. ஆள்காட்டி விரல் போனது. அது ஆறுவதற்குள் விழுந்து மற்ற விரல்களையும் முறித்துக்கொண்டார். கோணலாகக் கூடிய அந்த விரல்களால் எறிந்த பந்து, யாரும் எதிர்பாராத விதமாக வளைந்து இறங்கியது. சுரங்கத்தில் வேலை செய்துகொண்டே சுரங்க அணிக்கு ஆடியவரை, 1903-ல் செயின்ட் லூயிஸ் அணி எடுத்துக்கொண்டது. 'மூன்று விரல் பிரவுன்' என்று பட்டப்பெயர். ஒரு விபத்து ஒருவருக்குப் பிழைப்பைக் கொடுத்ததை இவ்வளவு நேரடியாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

தெற்குக் கரோலினாவின் கிரீன்வில் ஊரில் பிராண்டன் மில் என்ற பருத்தி ஆலை. ஜோ ஜாக்சன் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அங்கே வேலைக்குப் போனவர். எழுதப் படிக்கக் கடைசிவரை தெரியாது. அந்த வட்டாரத்து ஆலைகள் ஒவ்வொன்றும் ஓர் அணி வைத்திருந்தன. பதின்மூன்று வயதிலேயே பெரியவர்களின் அணியில் ஆடினார். 1908-ல் உள்ளூர் அணி மாதம் 75 டாலருக்கு அழைத்தது. அதே ஆண்டு பிலடெல்பியா பெரிய அணி வாங்கியது. நகரம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி ஊருக்கு வந்துவிடுவார், ஆள் அனுப்பிக் கூட்டிப்போவார்கள், மறுபடி வந்துவிடுவார். புதுக்காலணி கடித்துக் கொப்புளம் போட்டதால் ஒருநாள் காலுறையோடு ஆடினார். 'ஷூலெஸ் ஜோ' என்ற பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது.

வால்டர் ஜான்சன் ஐடஹோ மாநிலத்தின் வைசர் என்ற ஊரில், தொலைபேசிக் கம்பெனிக்குக் கம்பம் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர். ஞாயிறுகளில் ஊர் அணிக்கு எறிவார். அந்த வேகத்தைக் கண்டு அசந்த யாரோ வாஷிங்டன் அணிக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதியிருக்கிறார்கள். 1907-ல் வாஷிங்டனின் கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளர் போன்றவர்) ஒருவருக்கு விரல் முறிந்தது. ஆட முடியாத ஆளைச் சும்மா வைத்திருப்பானேன் என்று, மேற்கே போய் ஆள் பார்த்து வா என அனுப்பினார்கள். அவர்தான் ஜான்சனை ஒப்பந்தம் செய்தார். தோற்றுப்போனால் ஊர் திரும்ப ரயில் கட்டணத்துக்கு உத்தரவாதம் கேட்டுவிட்டுத்தான் பையன் கிளம்பினான் என்று சொல்வார்கள். அந்தக் கட்டணத்துக்கு வேலையே வரவில்லை. இருபத்தொரு ஆண்டுகள், 417 வெற்றிகள், அத்தனையும் அதே வாஷிங்டனுக்கு.

டை காப் கதையைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது; நீட்டினால் தாங்காது. ஜார்ஜியாவின் படித்த குடும்பத்துப் பிள்ளை. மகன் பந்தாட்டக்காரன் ஆவதைத் தந்தை விரும்பவில்லை. 1905 ஆகஸ்ட் 8 இரவு, யாரோ வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்று எண்ணித் தாய் சுட்டார், விழுந்தவர் தந்தை. தாயின் மீது வழக்கு நடந்தது, பின்னர் விடுதலையானார். தந்தை இறந்து மூன்றே வாரம். ஆகஸ்ட் 30-ம் தேதி, பதினெட்டு வயது காப், டெட்ராய்ட் அணிக்காக முதல்முறை மட்டையோடு வந்து நின்றார். எதிரே, முந்தைய ஆண்டு 41 ஆட்டங்களை வென்றிருந்த ஜாக் செஸ்ப்ரோ. முதல் வாய்ப்பிலேயே இரண்டு பேஸ் ஓடும் அடி அடித்தார் காப்.

அந்தக் காகிதம்

1879-ல் அணி முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆளுக்கு ஐந்து ஆட்டக்காரர்களை 'ஒதுக்கி' வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒதுக்கியவரை மற்றவர் தொடுவதில்லை. இது நாளடைவில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பரவி, ஒப்பந்தத்தில் ஒரு விதியாகவே உட்கார்ந்துவிட்டது. 'ரிசர்வ் கிளாஸ்' என்பார்கள். ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே சொந்தம். சம்பளம் போதவில்லையா? ஆடாமல் வீட்டில் இருக்கலாம். வேறு அணிக்குப் போக முடியாது. முதலாளி மட்டும் அவரை விற்கலாம், மாற்றலாம்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் உண்டு. பத்து நாள் நோட்டீஸ் கொடுத்து முதலாளி எந்த ஆட்டக்காரரையும் நிறுத்திவிடலாம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் வயிறு எரிகிறது. ஆட்டக்காரரை அந்தக் காகிதம் ஆயுளுக்கும் கட்டியது; முதலாளியைக் கட்டியது பத்தே நாள். கை நன்றாக இருக்கும்வரை விலகும் உரிமை இல்லை. கை போன மறுநாள் தங்கும் உரிமை இல்லை. 1914, 1915 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஃபெடரல் லீக் என்ற போட்டி அமைப்பு வந்தபோதுதான் சம்பளங்கள் ஏறின. மூன்று விரல் பிரவுன்கூட அங்கே போய் ஆடினார். அந்த லீக் படுத்ததும் பழைய கதை. அது தொடர்பாக எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1922 மே மாதம் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பில், பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்றார்கள். ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தீண்டாது. மாநிலம் விட்டு மாநிலம் ரயிலில் போய், டிக்கெட் விற்று, ஆட்களை விலைபேசி நடத்திய தொழில் அது! ஒதுக்கீட்டு விதியின் பிடி 1975-ல்தான் தளர்ந்தது. ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியம் 1947 வரை கிடையாது. இந்தக் கட்டுரை பேசும் தலைமுறை ஆட்டக்காரர்கள் எல்லோரும் அதற்குள் ஆடி முடித்துப் போய்விட்டவர்கள்.

ஒரு கப் காபி

பெரிய அணியில் ஓரிரு ஆட்டம் மட்டும் ஆடிவிட்டுப் போகிறவர்களை, 'ஒரு கப் காபி குடித்துவிட்டுப் போனவர்' என்பது பேஸ்பால் வழக்கு. அவர்களில் இரண்டு பேர்.

1912 மே மாதம், தன்னைத் திட்டிய பார்வையாளர் ஒருவரை டை காப் ஏறிப்போய் அடித்துவிட்டார். அவரை இடைநீக்கம் செய்தார்கள். சக ஆட்டக்காரர்கள் மைதானத்தில் இறங்க மறுத்தார்கள். அணி இறங்காவிட்டால் அபராதம். எனவே டெட்ராய்ட் நிர்வாகம் பிலடெல்பியாவில் கிடைத்த ஆட்களைத் திரட்டியது. பிட்சராக நின்றவர் ஆலன் டிராவர்ஸ் என்ற கல்லூரி மாணவர். முழு ஆட்டத்தையும் அவரே எறிந்தார். 24 ரன்கள் கொடுத்தார். அதோடு சரி. பிறகு ஏசு சபைத் துறவியாகி, குருவானவராக வாழ்ந்து மறைந்தார்.

மற்றவர் ஆர்ச்சிபால்ட் கிரஹாம். 1905 ஜூன் 29, புரூக்ளின் மைதானம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி வெகுவாக முன்னிலையில் இருந்ததால், கடைசிக் கட்டத்தில் புதியவரான இவரை வலது எல்லையில் நிற்கவைத்தார்கள். பந்து அவர் பக்கம் வரவில்லை. அடுத்து மட்டை பிடிக்கவேண்டியவர் அவர்; முறை வருவதற்குள் முந்தைய ஆள் அவுட். பெரிய லீகில் அவருடைய முதல் நாளும் கடைசி நாளும் அதுதான். அவர் மருத்துவம் படித்தவர். மின்னசோட்டாவின் இரும்புச் சுரங்க ஊரான சிஷமுக்குப் போய், பள்ளிப் பிள்ளைகளின் மருத்துவராகப் பல பத்தாண்டுகள் இருந்தார். நாவலும் 'ஃபீல்ட் ஆஃப் டிரீம்ஸ்' படமும் பின்னாளில் அவரைப் புகழ்பெறச் செய்தன. 1965-ல் இறந்த அவர் அதைப் பார்க்கவில்லை.

காபிகூடக் கிடைக்காதவர்கள் உண்டு. கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீகுகள் 1947 வரை உள்ளே விடவில்லை. ஹோனஸ் வாக்னரோடு ஒப்பிடப்பட்ட ஜான் ஹென்றி லாயிட், 1906-ல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆடினார். பிறகு அட்லாண்டிக் சிட்டியில் பள்ளிக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் பணி. 1977-ல், அவர் இறந்த பிறகு, புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். கறுப்பின அணிகளுக்கென 1920-ல் தேசிய லீக் ஒன்றை உருவாக்கிய ரூப் ஃபாஸ்டர், 1926-ல் மனநலம் குலைந்து மருத்துவமனைக்குப் போனவர், அங்கேயே 1930-ல் இறந்தார். 1920 முதல் 1948 வரையிலான கறுப்பின லீகுகளின் புள்ளிவிவரங்களைப் பெரிய லீக் தன் பதிவேட்டில் சேர்த்தது 2024-ல். லாயிடின் மிகச் சிறந்த ஆண்டுகள் 1920-க்கு முன்னால் போய்விட்டன. அவை இன்றும் அந்த ஏட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன.

முடிவுகள்

கை போவது எப்படி என்று கேட்டால் எட் வால்ஷைச் சொல்லலாம். 1908-ல் சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்காக ஒரே பருவத்தில் 464 இன்னிங்ஸ் எறிந்தார். கிரிக்கெட் இன்னிங்ஸ் மாதிரி நினைக்கக் கூடாது. பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஐம்பது முழு ஆட்டங்களைத் தனியாக எறிந்ததற்குச் சமம். 40 வெற்றி. இப்படி நான்கைந்து வருடம். 1913-ல் கை நின்றுபோனது. அறுவை மருத்துவமோ, எறிதலை எண்ணிக் கட்டுப்படுத்தும் வழக்கமோ அப்போது இல்லை. மூன்று பெரிய லீக் பருவங்களை அப்படியும் இப்படியுமாகக் கழித்து, 1917-ல் பாஸ்டன் அணியில் சில ஆட்டங்களோடு முடிந்தது.

கிளீவ்லேண்டின் அடி ஜாஸ், மூளையுறைக் காசநோயால் 1911 ஏப்ரல் 14-ல் இறந்தபோது வயது 31. அடக்கம் நடந்த நாளில் ஆட்டம் இருந்தது. போக அனுமதி இல்லாவிட்டால் ஆடமாட்டோம் என்று அவருடைய அணித் தோழர்கள் நின்றார்கள், ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. குடும்பத்துக்குக் கொடுக்க எந்த நிதியும் இல்லை. ஆகவே ஜூலையில் மற்ற அணிகளின் நட்சத்திரங்கள் கிளீவ்லேண்டுக்கு வந்து ஓர் ஆட்டம் ஆடினார்கள். காப், ஜான்சன், கிராஃபோர்ட் எல்லோரும் வந்தார்கள். கிட்டத்தட்ட 13,000 டாலர் சேர்ந்தது. முதலாளிகளின் காகிதத்தில் இல்லாத ஒன்றை ஆட்டக்காரர்களே செய்துகாட்டிய நாள் அது.

1916 செப்டம்பர் 4, சிகாகோ. பத்தாண்டுக்கு மேல் எதிரெதிரே நின்ற இரண்டு பிட்சர்கள் கடைசியாக ஒருமுறை மோதுகிறார்கள் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். ஒருவர் மூன்று விரல் பிரவுன். மற்றவர் கிறிஸ்டி மேத்யூசன். கல்லூரியில் படித்தவர், 1905 உலகத் தொடரில் ஆறு நாளுக்குள் மூன்று ஆட்டங்களில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாதவர். உச்சத்தில் இவர்கள் மோதினால் ஒன்றிரண்டு ரன்னில் ஆட்டம் முடியும். அன்றைக்கு மேத்யூசனின் சின்சினாட்டி 10, பிரவுனின் சிகாகோ 8. இரண்டு பேரும் அடிவாங்கினார்கள். இரண்டு பேரும் ஆட்டம் முடியும்வரை விலகவில்லை. இருவருமே அதற்குப் பிறகு பெரிய லீகில் எறியவில்லை. மேத்யூசனுக்கு அது 373-வது வெற்றி. 1918-ல் ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார், அங்கே நச்சு வாயு தாக்கியது, பிறகு காசநோய். 1925 அக்டோபர் 7, உலகத் தொடர் தொடங்கிய நாளில், 45 வயதில் இறந்தார். மறுநாள் இரு அணியினரும் கறுப்புப் பட்டை கட்டி ஆடினார்கள்.

ஒருவர் முடிவே இன்னொருவர் தொடக்கமாவது எந்தத் தொழிலிலும் உண்டு. கிளீவ்லேண்ட் அணிக்கு 1920-ல் நடந்ததுபோல் கொடூரமாக நடந்ததில்லை. ஆகஸ்ட் 16, நியூயார்க். அழுக்கேறிக் கறுத்த பந்தை ஆட்டம் முழுக்கப் பயன்படுத்தும் காலம். நியூயார்க் பிட்சர் கார்ல் மேஸ் இடுப்புக்குக் கீழிருந்து எறிந்த பந்து கிளீவ்லேண்ட் ஆட்டக்காரர் ரே சாப்மனின் நெற்றிப்பொட்டில் பட்டது. சத்தத்தைக் கேட்டு, மட்டையில் பட்டதென்று நினைத்து, உருண்டுவந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார் மேஸ். மறுநாள் விடியுமுன் சாப்மன் இறந்துவிட்டார். வயது 29. மணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டுத் தொழில் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர். மூன்றரை வாரம் கழித்து, அந்தக் காலியிடத்துக்கு நியூ ஆர்லியன்ஸிலிருந்து இருபத்தொரு வயது ஜோ சூவல் வந்து இறங்கினார். கிளீவ்லேண்ட் அந்த ஆண்டு உலகத் தொடரை வென்றது. சூவல் பதினான்கு பருவம் ஆடி, புகழ் மண்டபத்துக்கும் போனார்.

ஜோ ஜாக்சனின் ஆட்டம் முடிந்ததும் அதே 1920-ல். முந்தைய ஆண்டு உலகத் தொடரைச் சூதாடிகளுக்கு விற்றதாக ஜாக்சன் உட்பட எட்டு சிகாகோ ஆட்டக்காரர்கள் மீது குற்றச்சாட்டு. ஜாக்சன் 5,000 டாலர் வாங்கியது உண்மை. அந்தத் தொடரில் 12 அடிகளோடு .375 சராசரியில் ஆடியதும் உண்மை. 1921 ஆகஸ்ட் 2-ல் நடுவர் குழு, விசாரணைக்கு நின்ற ஏழு ஆட்டக்காரர்களையும் விடுவித்தது. மறுநாளே பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை போட்டார். கடைசிப் பருவத்தில் ஜாக்சனின் சராசரி .382, அப்படி ஓர் ஆண்டோடு யாரும் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை. அவர் பணம் வாங்கியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் சம்பளப் பாக்கிக்காக அவர் தொடுத்த வழக்கில் சொன்ன ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. 1920 ஒப்பந்தத்தில் பத்து நாள் விதி இல்லை என்று வாயால் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குப் படித்துச் சொல்லும் மனைவியிடம் காட்டவிடவில்லை என்றார். 1924-ல் மில்வாக்கி நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி அதைத் தள்ளிவிட்டார். சலவைக்கடை, பிறகு சொந்த ஊரில் மதுக்கடை என்று பிழைத்து 1951-ல் இறந்தார். தடையை நீக்கினார்கள், 2025 மே மாதம்.

வால்டர் ஜான்சனுக்கு வாய்த்த முடிவு வித்தியாசமானது. 1927 வசந்தப் பயிற்சியில் பந்து பட்டுக் கால் முறிந்தது. செப்டம்பர் 30 அன்று கடைசியாகக் களத்தில் தோன்றியது பிட்சராக அல்ல; இன்னொருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க. உயர அடித்த பந்தை எல்லையில் நின்ற பேப் ரூத் பிடித்தார். அன்று சற்று முன்புதான் ரூத் அந்தப் பருவத்தின் 60-வது ஹோம் ரன்னை அடித்திருந்தார். கூட்டம் கொண்டாடிக்கொண்டிருந்தது அதை.

மறுபடியும் ஜோ வுட்

கை போன ஜோ வுட் ஊரோடு போய்விடவில்லை. 1917-ல் கிளீவ்லேண்ட் அவரை 15,000 டாலருக்கு வாங்கியது. எறிய முடியாது என்று தெரிந்ததும், மட்டையைப் பிடித்து எல்லைக்காவல் ஆட்டக்காரராக மாறினார். சாப்மன் இறந்தபோது அதே அணியில் இருந்தார். 1922-ல் .297 சராசரி, 92 ரன்களை வரவைத்த அடிகள். இன்னும் சில ஆண்டு ஆடியிருக்கலாம். குடும்பத்தோடு இருக்கவேண்டும் என்று தானாகவே விலகி, யேல் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார். இருபது ஆண்டு அங்கே இருந்தார். இந்தக் கூட்டத்தில் விலகும் நாளைத் தானே குறித்துக்கொண்ட மிகச் சிலரில் ஒருவர். 1960-களில் பொருளாதாரப் பேராசிரியர் லாரன்ஸ் ரிட்டர் ஒலிப்பதிவுக் கருவியோடு பழைய ஆட்டக்காரர்களைத் தேடி அலைந்தபோது, பெண்கள் அணியில் ஆடிய கதையை வுட் சொன்னார். இல்லாவிட்டால் அது நமக்குக் கிடைத்திருக்காது.

1981 மே 21. வெஸ்ட் ஹேவன் நகரில், வுட் இருபது ஆண்டு பயிற்சி கொடுத்த அதே யேல் மைதானம். கல்லூரிகளுக்கான போட்டி. யேலுக்கு ரான் டார்லிங், செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஃபிராங்க் வயோலா. இருவரும் பின்னாளில் பெரிய லீகில் பெயர் வாங்கியவர்கள். பதினொரு இன்னிங்ஸ் முடியும்வரை டார்லிங் ஒரே ஓர் அடிகூடக் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் வயோலா ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. பன்னிரண்டாவதில் ஓர் அடி விழுந்தது; செயின்ட் ஜான்ஸ் 1–0 என்று வென்றது.

பார்வையாளர் வரிசையில், எழுத்தாளர் ரோஜர் ஏஞ்சலுக்குப் பக்கத்தில், தொண்ணூற்றொரு வயதுக் கிழவர் ஒருவர் அந்த இரண்டு பையன்களும் எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.